துரைக்கு வாங்கிய ரப்பர் கழிசான்

கெலிஓயாவுக்கு மேலே இருந்த கோப்பித் தோட்டம் ஒன்றில் நான் மண்வெட்டி ஆளாகப் பதிந்திருந்தேன். ஆனால் மண்வெட்டியைத் தொட்ட நாட்கள் குறைவு. துரையை முதுகில் சுமந்துகொண்டு மகாவலியில் இறங்குவதுதான் என் வேலை. துரைக்கு மீன் பைத்தியம். கரையில் உட்கார்ந்து புழு குத்திப் பிடிக்கும் மீனை அவர் மீனாகவே மதிக்கமாட்டார். கோழி இறகையும் பட்டு நூலையும் முள்ளில் கட்டிப் பூச்சி மாதிரி செய்வார். நீளமான நூலைத் தலைக்கு மேலே வீசி வீசி, அந்தப் பூச்சியை ஓடும் தண்ணீரின் மேல் மெல்ல உட்கார வைப்பார். அதற்கு நடு ஆற்றுப் பாறைக்குப் போயாக வேண்டும். கால் நனையக் கூடாது. நனைந்தால் காய்ச்சல் வரும் என்று கண்டியில் ஒரு டாக்டர் அவரை எச்சரித்திருந்தார். என் காலைப் பற்றி அந்த டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

துரை லேசுப்பட்ட ஆள் இல்லை. நல்ல கனம். பாறையில் இறக்கிவிட்ட பிறகும் நான் கரைக்குப் போக முடியாது. அவர் அடுத்த பாறைக்குத் தாவ நினைக்கும்போது முதுகு தயாராக இருக்க வேண்டுமே. இடுப்பளவு தண்ணீரில் பாறையைப் பிடித்துக்கொண்டு, அவர் பிடித்த கெண்டையைக் கூடையில் வாங்கிக்கொண்டு நிற்பேன். கூலிகள் குடியிருந்த லயத்தில் எனக்குக் குதிரை என்று பேர் வைத்தார்கள். முதலில் இரண்டு பேரை அடித்தேன். பிறகு கை வலித்ததுதான் மிச்சம் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பேரைத் தாங்கிக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. பங்களாவின் பின்புறம் துரையின் உண்மையான குதிரை நின்ற கொட்டில் இருந்தது. அது செத்துப்போனபின் துரை வேறு குதிரை வாங்கவில்லை. கொட்டிலை ஒட்டிச் சேணம் வைக்கும் அறை ஒன்று. கல் சுவர், ஓட்டுக் கூரை, பலகைத் தரை. கூப்பிட்ட நேரத்தில் நான் வர வேண்டும் என்பதற்காக அந்த அறையில் என்னையும் என் மனைவியையும் இருக்கச் சொன்னார் துரை. லயத்துக் காம்பிரா அறைகளுக்கு மானாப்புல் கூரை. வேய்ந்த முதல் மழைக்கு மட்டும் தாங்கும். அதற்குப் பிறகு உள்ளே பெய்யும் மழை வெளியே பெய்வதைவிட அழுக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். அப்படிப்பட்ட காம்பிராவில் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் மழைக்காலம் முடிவதற்குள் நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டன. மூன்றாவதை அவள் சுமந்துகொண்டிருந்தாள். பெரிய மழையோடுதான் பிரசவம் வரும் என்று கணக்கு. அந்தப் பிள்ளை காய்ந்த தரையில் பிறக்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் காலத்தில் வேறு ஆசையே கிடையாது.

அப்போதுதான் பேராதனைப் பக்கத்துத் துரை ஒருவர் எங்கள் துரையிடம் ரப்பர் கழிசானைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார். காலில் மாட்டினால் நெஞ்சு வரைக்கும் வரும், அடியில் சப்பாத்தும் சேர்ந்தே இருக்கும், ஆற்றில் இறங்கினால் ஒரு சொட்டு உள்ளே வராது. சீமையிலிருந்து கொழும்புக்கு வந்து, ரயிலில் கண்டிக்கும் வந்துவிட்டது, கடையில் கிடைக்கிறது என்றார். இதைச் சாப்பாட்டு மேசையருகே நின்று கேட்ட அப்பு, குசினிப் பக்கம் வந்து என்னிடம் ஒப்பித்தார். அவர் துரைக்குச் சமைக்கிறவர், தோட்டத்தில் நடப்பதெல்லாம் முதலில் அவர் காதுக்குத்தான் வரும்.

"தம்பி, ஒன் பொழப்புல மண்ணு விழப்போவுது. அந்தக் கழிசான் வந்துட்டா தொரைக்கு நீ எதுக்கு? நீ இல்லாட்டி அந்த ரூம்பு எதுக்கு?"

"வரட்டும், பாத்துக்கலாம்" என்றேன்.

கூத்து என்னவென்றால், அதைத் தேர்ந்தெடுக்கத் துரை என்னையே அனுப்பினார். கண்டியில் அவருக்கு ஏஜண்டோடு பேச்சு இருந்தது. கடையில் நின்று ஒவ்வொன்றாக மாட்டிக் கழற்றிக்கொண்டிருப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். "நீ ஆத்துல நிக்கிறது. தண்ணி எங்க வரும் உனக்குத் தெரியும். ஒழுகாதது, ரொம்ப வருஷம் வரது, பார்த்து எடுத்து வை. சாயந்தரம் நான் வந்து வாங்குறது" என்றார்.

புறப்படுவதற்கு முதல்நாள் மனைவியிடம் சொன்னேன், இருப்பதிலேயே ஓட்டையானதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று. ஒரு தடவை கால் நனைந்தால் அதைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டு மறுபடி என் முதுகில்தான் ஏறுவார். அவள் சம்மதிக்கவில்லை.

"வேணாங்க. ஓட்டைய வாங்கியாந்தா ஒங்க மேலதான் கோவப்படுவாரு. அந்தக் கோவத்துல மொதல்ல ரூம்பத்தான் புடுங்குவாரு. நல்லதா எடுத்துக் குடுங்க. மனசு குளுந்துச்சுன்னா புள்ள பொறக்குற மட்டும் இருன்னு விட்ருவாரு. கெட்ட மனுசன் இல்லீங்களே."

கெட்ட மனுசன் இல்லை. அதை நானும் நம்பினேன். எங்கள் ஆட்களிடம் இருந்த பெரிய வியாதி அதுதான். துரைக்கு மனம் குளிர்ந்தால் அந்தக் குளிர்ச்சியில் கொஞ்சம் நம் பக்கமும் வரும் என்று நினைத்துக்கொண்டே காலம் தள்ளினோம்.

கண்டிக் கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். சீமைச் சாமான், சேணம், சப்பாத்து, குடை எல்லாம் வைத்திருந்தார். துரையின் சீட்டைப் பார்த்துவிட்டு மூன்று கழிசானை எடுத்துப் போட்டார். மூன்றும் பார்வைக்கு ஒரே மாதிரி, ஆளில்லாமல் கால் மட்டும் வந்து படுத்திருப்பதுபோல் கிடந்தன.

"நாலு பேருக்கு வித்தேன் தம்பி, நாலு பேரும் கொண்டாந்து மொகத்துல எறிஞ்சுட்டுப் போனாங்க. ஊர் வெக்கைக்கு ரப்பர் எளகிப் போகுது. நீங்க நல்லாப் பாத்தே எடுங்க. இன்னொரு தரம் ஏச்சு வாங்க எனக்கு ஏலாது."

முதலில் மடிப்பை விரித்துப் பார்க்கச் சொன்னார். மடித்து வைத்த இடத்தில் மயிரிழை மாதிரி வெடிப்பு இருந்தால் தொடவே வேண்டாமாம். ஒன்று அதிலேயே தோற்றது. முழங்காலுக்குப் பின்னால் விரலால் நீவினால் பிசின் மாதிரி ஒட்டியது. மற்ற இரண்டுக்கும் வாய் வரைக்கும் தண்ணீர் ஊற்றி, கடையின் பின்பக்க விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டோம். இரண்டு பேருமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒன்றின் கவட்டுத் தையலில் வியர்வை போல அரும்பியது. சப்பாத்தும் துணியும் சேரும் இடம், கவட்டுத் தையல், இந்த இரண்டில்தான் எல்லாம் விட்டுப்போகும் என்றார் முதலாளி.

மிஞ்சியது ஒன்று. அதை நான் மாட்டிக்கொண்டு, உள்ளே காய்ந்த வெள்ளைத் துணியைக் காலில் சுற்றிக்கொண்டு, கடைக்குப் பின்னால் ஓடும் ஓடையில் இறங்கி நின்றேன். பாலத்தில் கூட்டம் கூடிவிட்டது. ஒரு கூலிக்காரன் துரை வேஷம் போட்டு ஓடையில் நிற்பதை அவர்கள் எங்கே பார்த்திருக்கப் போகிறார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. தண்ணீர் தொடையை அழுத்துகிறது, ஆனால் நனையவில்லை. ஆற்றிலேயே நின்று சீவித்தவனுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டுமா? எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்படி ஒன்று உலகத்தில் இருக்கும்போது என் கால் ஏன் இத்தனை காலம் ஊறிக் கிடந்தது என்று யார் மேலோ ஆத்திரம் வந்தது. கரையேறித் துணியை அவிழ்த்துப் பார்த்தால் மொடமொடவென்று அப்படியே இருந்தது.

சாயந்தரம் துரை வந்தார். முதலாளி அவரிடம் விளக்கமாகச் சொன்னார். சாமான் நல்ல சாமான், ஆனால் நாள் பிடிக்க வேண்டுமானால் வைக்கும் இடம் முக்கியம். மடிக்கக் கூடாது, கால் மேலே வரும்படி தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். வெயில் ஆகாது, அடுப்புப் புகை ஆகாது, ஈரம் பட்டால் தையல் உளுத்துவிடும், எலி இருந்தால் ஒரே நாளில் முடிந்தது. துரை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நானும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன்.

மறுநாளே ஆற்றில் இறங்கினார். நான் கரையில் கூடையோடு நின்றேன். தானாகவே ஒவ்வொரு பாறையாகத் தொட்டுத் தொட்டு நடந்து நடு ஆற்றுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். "நல்ல வேலை. ரொம்ப நல்ல வேலை" என்று என் தோளில் தட்டினார். நான் ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். பார்த்தீர்களா, நான் சொல்லவில்லையா என்றாள். அன்றைக்கு அவள் நெற்றியில் குங்குமம் பெரிதாக இருந்தது.

பிறகு துரை கழிசானைக் கையில் பிடித்துக்கொண்டு பங்களா முழுக்க இடம் தேடத் தொடங்கினார். வராந்தாவில் வெயில். குளிக்கும் அறையில் ஈரம். குசினிப் பக்கம் புகை. கோப்பி ஸ்டோரில் எலி. படுக்கையறையில் தொங்கவிட்டுப் பார்த்தார், ரப்பர் நாற்றத்தில் தூக்கம் வரவில்லையாம். இப்படியே சுற்றிச் சுற்றிக் கொட்டில் பக்கம் வந்தார். நான் அப்போது கிணற்றடியில் இருந்தேன். அவள் அறை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், முறத்தை வைத்துவிட்டு எழுந்து நின்றாள். துரை உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இங்க மழை வந்தா ஒழுகுதா?" என்று கேட்டார்.

துரை தந்த ஒன்றைப் பற்றித் துரையே கேட்டால், எங்கள் ஆட்கள் எவரும் ஒரே மாதிரிதான் பதில் சொல்வார்கள். கை இரண்டையும் கூப்பிக்கொண்டு சொன்னாள்:

"தொரை புண்ணியத்துல ஒரு சொட்டு ஒழுகாதுங்க. சொவரு கூட ஈரம் இழுக்கல. எலி, பல்லி ஒண்ணும் கெடையாதுங்க. நாங்க ரொம்ப நல்லா இருக்கோங்க."

நல்லது, நல்லது என்று துரை போனார். அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். துரை வந்து விசாரித்தார் என்று என்னிடம் வந்து சொன்னாள். அதைக் கேட்டதும் கண்டி முதலாளி அடுக்கிய ஈரமும் எலியும்தான் எனக்கு ஞாபகம் வந்தது, அதை அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்து அறையைக் காலி செய்யச் சொன்னார். லயத்தில் கடைசிக் காம்பிரா ஒழிந்து கிடக்கிறதாம், அங்கே போகலாமாம். கூலி குறையாதாம். கழிசானைத் துடைத்து மாட்டி எடுத்துக் கொடுக்கிற வேலையும் அறைச் சாவியும் மட்டும் என்னிடமே இருக்கும், ஏனென்றால் அதைப் பற்றி எனக்குத்தான் தெரியும் என்று துரை சொல்லிவிட்டாராம். நான் நேரே துரையிடம் போனேன். மனைவிக்கு நாள் நெருங்குகிறது, பிள்ளை பிறக்கும் வரைக்கும் விடுங்கள் என்று கேட்டேன். துரை கோபப்படவில்லை. சாய்மானக் கதிரையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்து யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், முகத்தில் தெரிந்தது. பிறகு என்னையே கேட்டார்:

"சரி. அப்ப இது நான் எங்க வைக்கிறது?"

ஈரமில்லாத, புகையில்லாத, எலியில்லாத இன்னொரு இடம் அந்தத் தோட்டத்திலேயே இல்லை. துரை காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து ஒரு சிமிழ் கொடுத்து அனுப்பினார்.

லயத்துக் கூரையில் நான் புது மானாப்புல் போட்டேன். மழை அதைப் பொருட்படுத்தவில்லை. சாக்குப் படங்குகளைக் கூரைக்கடியில் கட்டினேன், சட்டி பானையை எல்லாம் ஒழுகும் இடங்களில் வைத்தேன். அப்படிப்பட்ட ஒரு பகலில் பிள்ளை பிறந்தது. பெண். பிள்ளை நன்றாக இருந்தது. தாய்தான் எழுந்திருக்கவில்லை. உடம்பு கொதித்தது, பிறகு பல்லைக் கிட்டிக்கொண்டு நடுங்கியது. கீழே போட்ட பாய் ஊறிவிடும், மாற்றினால் அதுவும் ஊறிவிடும். மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, "காஞ்ச எடத்துல கெடத்தினா ஒருவேளை தேறும்" என்றாள். காய்ந்த இடத்தின் சாவி என் மடியில் இருந்தது.

துரை ஆற்றுக்குப் போகும்போது கழிசான் அவர் காலில் இருக்கும். அப்போது அறை சும்மா கிடக்கும். இதை யோசித்துக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது, மூளை அவ்வளவு மழுங்கிப்போயிருந்தது. துரை கண்ணை விட்டு மறைந்ததும் அவளை முதுகில் தூக்கிக்கொண்டுபோய் அந்தப் பலகைத் தரையில் படுக்க வைப்பேன். எதிர்க் காம்பிராக்காரி பிள்ளையைக் கொண்டுவந்து பக்கத்தில் போடுவாள். அப்பு பார்ப்பார், பார்க்காதவர் மாதிரி திரும்பிக்கொண்டு ஒரு செம்பு வெந்நீர் வைத்துவிட்டுப் போவார். நான் கோப்பி மலைக்கு ஓடி மண்வெட்டியைப் பிடித்துக்கொள்வேன். அங்கிருந்து பார்த்தால் ஆறு தெரியும், பாறை மேல் துரையின் வெள்ளைத் தொப்பி தெரியும். தொப்பி அங்கே இருக்கும் வரைக்கும் அவள் காய்ந்த தரையில் இருப்பாள்.

இத்தனை வருஷம் மீன் படாமல் துரை சீக்கிரம் திரும்ப வேண்டும் என்று வேண்டியவன் நான். இப்போது மண்ணைக் கொத்திக்கொண்டே மாரியாத்தாளை வேண்டினேன், மீன் படட்டும், இன்னும் ஒன்று படட்டும், பெரியதாகப் படட்டும் என்று. சில நாள் நன்றாகப் பட்டது. அந்த நாட்களில் அவளுக்கு உடம்பு கொஞ்சம் தணிந்தது. ஒரு தடவை கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள். பிள்ளைக்கு என்ன பேர் வைக்கலாம் என்று கூடப் பேசினாள். தேறிவிடுவாள் என்று நான் நம்பத் தொடங்கினேன், அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றைக்கும் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு ஒருநாள், துரை போன கொஞ்ச நேரத்தில் மலையிலிருந்து மூட்டம் இறங்கியது. ஆறு மறைந்தது, தொப்பியும் மறைந்தது. பிறகு மழை. மழையில் வெள்ளம் ஏறினால் துரை ஆற்றில் நிற்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது துரை அறைக்கு வெளியே மழையில் நின்றுகொண்டிருந்தார். கழிசான் நெஞ்சு வரைக்கும் மாட்டியபடியே, தண்ணீர் வழிய வழிய நின்றார். உள்ளே போகவில்லை. கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொலைவில் எதையோ பார்ப்பவர் மாதிரி நின்றார்.

"உள்ள பொம்பளை இருக்கு" என்றார் மெதுவாக. வெட்கப்பட்டவர் மாதிரி.

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால், அடித்திருந்தால், எனக்கும் ஏதாவது செய்ய வந்திருக்கும். அவர் ஏசவில்லை. "மெதுவா. அவசரம் இல்லை. நான் நிக்கிறேன்" என்றார். நின்றார். அப்பு குடையோடு ஓடிவந்து அவருக்குப் பிடித்தார். அந்தக் குடையின் கீழ் அவர் மரியாதையாகக் காத்துக்கொண்டு நிற்க, நான் அவளைத் தூக்கிச் சாக்கால் மூடி, மழையில் லயத்துக்குக் கொண்டுபோனேன். பிள்ளையை நெஞ்சோடு கட்டியிருந்தேன். வழியில் அவள், "தொரை நனையுறாருங்களா?" என்று கேட்டாள். நான் நடையை எட்டிப் போட்டேன்.

மறுநாள் விடியும்போது அவள் போய்விட்டாள். ஊறின பாயில்தான் கிடந்தாள். பிள்ளையை எதிர்க் காம்பிராக்காரி தன் பிள்ளையோடு சேர்த்துப் பால் கொடுத்து எடுத்துக்கொண்டாள். அது பிழைத்தது.

மழை விட்டு ஆறு தெளிந்ததும் துரை மறுபடி ஆற்றுக்குப் போனார். கழிசானை எடுத்துக் கொடுக்கச் சொல்லி ஆள் வந்தது. கொடுத்தேன். திரும்பி வந்தபோது மத்தியானம். நல்ல மீன் பட்டிருந்தது, முகம் மலர்ந்திருந்தது. அறை வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும் ஞாபகம் வந்தவர் மாதிரி கேட்டார்.

"உன் பொஞ்சாதி இப்ப எப்படி? கொய்னா குடுத்தியா?"

"செத்துட்டாங்க தொரை."

முகம் மாறியது. தூண்டிலைச் சுவரில் சாய்த்து வைத்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் பிடித்துக்கொண்டு தலை குனிந்தார். வாய்க்குள் ஏதோ சொன்னார், அவர் பாஷையில். உண்மையாகவே வருத்தப்பட்டார். கண் கூடக் கலங்கியதுபோல் இருந்தது.

பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தார். நனைந்த ரப்பரை மாட்டியவர் தானாகக் கழற்ற முடியாது, எதிரே நின்று இன்னொருவர் இழுக்க வேண்டும். காலை நீட்டினார். நான் குனிந்து இழுத்தேன்.